நாலு முறை ஏற்றம், நாலு முறை இறக்கம்: மேட் ப்ளூம்ஃபீல்டின் 18 வருடம்

#1 – ஓரக்கோடு

இந்தப் பகுதியில் எந்த இழையைத் திறந்தாலும் சிட்டி, ஆர்சனல், லிவர்பூல்தான். ஒரு மாறுதலுக்கு, யாரும் போஸ்டர் ஒட்டாத ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசலாமா? விக்கம்ப் வாண்டரர்ஸ் அணியின் மிட்ஃபீல்டர் மேட் ப்ளூம்ஃபீல்ட்.

புதியவர்களுக்காக ஒரு வரி. இங்கிலாந்தில் மேலே பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இந்த 92-க்குள் இருந்தால்தான் முழு அர்த்தத்தில் "லீக்" கிளப். அதற்குக் கீழே நேஷனல் லீக் என்று தொடங்கிப் படிகள் இறங்கிக்கொண்டே போகும்.

ப்ளூம்ஃபீல்ட் இப்ஸ்விச் டவுனில் வளர்ந்த பையன். 2003 டிசம்பரில், 19 வயதில், விக்கம்புக்கு வந்தார். 2022 பிப்ரவரியில், 38 தொடப்போகும் சமயத்தில், அதே கிளப்பில் ஆட்டத்தை நிறுத்தினார். நடுவே 550-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

நேற்று சும்மா ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அவர் இருந்த காலத்தில் விக்கம்ப் கீழே இறங்கிய வருடங்கள்: 2004, 2010, 2012, 2021. மேலே ஏறியவை: 2009, 2011, 2018, 2020. நாலுக்கு நாலு. வந்தபோது கிளப் மூன்றாம் படியில் இருந்தது. அவர் விடைபெற்றபோதும் மூன்றாம் படிதான்! 18 வருடம் ஓடி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறார். இதை வெற்றிகரமான வாழ்க்கை என்று சொல்வீர்களா, மாட்டீர்களா?

#2 – கணக்குப்பிள்ளை

மாட்டேன். 18 வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை அலுவலகத்தில் என்ன சொல்வோம்? "வேறு எங்கேயும் கூப்பிடவில்லை" என்போம். கால்பந்தில் மட்டும் அதற்கு "விசுவாசம்" என்று பெயர்.

#3 – சனிக்கிழமை3மணி

நாற்காலி என்றதும் சிரித்துவிட்டேன். விக்கம்ப் அணியின் செல்லப் பெயரே நாற்காலிப் பையன்கள், 'சேர்பாய்ஸ்'. ஹை விக்கம்ப் ஊர் ஒரு காலத்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. சுற்றிலும் சில்டர்ன் குன்றுகளில் பீச் மரக் காடு, ஊருக்குள் பட்டறைகள். நீங்கள் தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். "ஒரே நாற்காலி" என்பதே தப்பான படம். அலுவலகத்தில் நாற்காலி அங்கேயே இருக்கும், நாம் போய் உட்கார்வோம். லீக் டூ ஆட்டக்காரருக்கு வருடா வருடம் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒப்பந்தம் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. முடிவது ஜூன் 30. அதற்கு முன்னால் மே மாதத்தில் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். சீசன் முடிந்து பூட்ஸைக் கழுவிக் காயவைக்கும் நேரத்தில் வரும் பட்டியல் அது. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாமே அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் பட்டியலை ப்ளூம்ஃபீல்ட் ஒவ்வொரு வருடமும் தாண்டியிருக்கிறார், அதுவும் மேனேஜர் மாறிக்கொண்டே இருந்தபோது. டோனி ஆடம்ஸ், ஜான் கோர்மன், பால் லாம்பர்ட், பீட்டர் டெய்லர், கேரி வாடக், கேரத் ஐன்ஸ்வொர்த். புதிதாக வரும் மேனேஜர் முதலில் செய்வது பழையவரின் ஆட்களைக் கழிப்பதுதான். ஆறு பேரும் இவரைக் கழிக்கவில்லை.

#4 – நாகர்கோவில்_விங்கர்

ஆடம்ஸ் என்றால் ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸா? அவர் விக்கம்புக்கு மேனேஜராக இருந்தாரா?

#5 – சனிக்கிழமை3மணி

அவரேதான். மேனேஜராக அவருடைய முதல் வேலை அது. 2003 நவம்பரில் வந்தார், அந்த சீசனிலேயே அணி இறங்கியது, அடுத்த நவம்பரில் போய்விட்டார். பெரிய ஆட்டக்காரர் பெரிய மேனேஜர் ஆவார் என்று நம்புகிற ஒவ்வொரு கிளப்பும் இந்தப் பாடத்தைச் சொந்தக் காசில்தான் படிக்கிறது.

#6 – இப்ஸ்விச்_தம்பி

நான் இப்ஸ்விச் இருக்கும் சஃபோக் பக்கம் எட்டு வருடமாக இருக்கிறேன். ப்ளூம்ஃபீல்ட் இப்ஸ்விச்சிலிருந்து ஏன் கிளம்ப வேண்டி வந்தது என்பதை அந்தக் கால நிலைமையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அண்ணே.

இப்ஸ்விச் 2001-இல் பிரீமியர் லீக்கில் 5-ஆம் இடம். அடுத்த வருடமே இறங்கினார்கள். 2003 தொடக்கத்தில் கடனில் மூழ்கி, கிளப்பை நிர்வாகியிடம் ஒப்படைக்கும் நிலைக்குப் போனார்கள். இதற்கு நடுவில்தான் 2002-இல் ஐடிவி டிஜிட்டல் கவிழ்ந்தது. கீழ் லீக் ஆட்டங்களை ஒளிபரப்ப 31.5 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்ட நிறுவனம் அது. திவாலானபோது கிளப்களுக்கு வர வேண்டியதில் சுமார் 17.85 கோடி பாக்கி. அந்தப் பணம் வரும் என்று நம்பிச் சம்பளம் பேசியிருந்த கிளப்கள் அந்தக் கோடையில் ஆட்களைக் கொத்துக் கொத்தாக விடுவித்தன.

அந்தச் சமயத்தில் 19 வயதுப் பையன் என்றால், உங்களைவிட நாலு வயது மூத்த, லீக்கில் ஏற்கெனவே நூறு ஆட்டம் ஆடிய நிறையப் பேர் வேலையில்லாமல் வெளியே நிற்கிறார்கள். அவர்களோடு போட்டி போட வேண்டும். மேல் கிளப் அகாடமியிலிருந்து வந்தவன் என்பது நுழைவுச் சீட்டு மட்டும்தான். உள்ளே போன பிறகு அதை யாரும் கேட்பதில்லை.

#7 – கணக்குப்பிள்ளை

சரி, வேலை கிடைத்ததும் அது நிலைத்ததும் சாதாரண விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி வேறு. ஆட்டத்தில் என்ன செய்தார்? கோல் கணக்கும் பெரிதாக இல்லை. யூடியூபில் தேடினால் இரண்டு நிமிட வீடியோகூடத் தேறாது போலிருக்கிறது.

#8 – ஓரக்கோடு

இதற்காகத்தான் இழையே தொடங்கினேன். நான் விக்கம்பின் சொந்த மைதானமான ஆடம்ஸ் பார்க்கில் ஒரு பதினைந்து இருபது ஆட்டம் பார்த்திருப்பேன். ரெடிங் பக்கம் வேலை செய்த காலம். முதல் முறை போனது டிக்கெட் மலிவு என்பதற்காக, பொய் சொல்ல மாட்டேன்.

ஐன்ஸ்வொர்த்தின் அணி எப்படி ஆடும் என்று தெரிந்திருக்கும். கோல்கீப்பர் தூக்கி அடிப்பார். முன்னால் அக்கின்ஃபென்வா நிற்பார். நூறு கிலோவைத் தாண்டிய மனிதர், அவரைத் தள்ளிவிட்டுப் பந்தை எடுப்பது ஆகாத காரியம். பந்து அவர் நெஞ்சிலோ தலையிலோ பட்டு எங்கோ விழும். ஆட்டம் தொடங்குவதே அந்த "எங்கோ"வில்தான். இங்கிலாந்தில் அதை செகண்ட் பால் என்பார்கள், இரண்டாம் பந்து. அது விழப்போகும் இடத்துக்கு விழுவதற்கு முன்பே ஓடிப்போய் நிற்பவர்தான் ப்ளூம்ஃபீல்ட்.

முதல் இரண்டு ஆட்டங்களில் நான் அவரைக் கவனிக்கவே இல்லை. மூன்றாவதில் பக்கத்தில் ஒரு பெரியவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஃபிளாஸ்க்கில் தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதே, அவனை மட்டும் பார்" என்றார். பார்த்தேன். இடது பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர், மேலே ஏறினால் இவர் அங்கே போய் மூடுகிறார். எதிரணியின் ஆட்டத்தை நடத்துபவர் திரும்ப நினைக்கும்போது முதுகில் ஒட்டுகிறார். பந்து கைக்கு வந்தால் நாலு அடி தூரத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வராது என்று தெரிந்தும் பெட்டிக்குள் ஓடுகிறார். பத்து முறை ஓடினால் ஒன்பது வீண். அந்த ஒன்பதும் எதிரணியின் ஒரு ஆளைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். வீடியோவில் இதை எப்படி வெட்டி ஒட்டுவது?

#9 – நாகர்கோவில்_விங்கர்

சமையலுக்கு உப்பு மாதிரி என்று யாராவது எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன். இனி யாரும் எழுத வேண்டாம்.

#10 – சனிக்கிழமை3மணி

நன்றி, நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

பெரிய மேடையே கிடைக்காத ஆள் இல்லை அவர். 2006-07 லீக் கோப்பையை மறந்துவிட்டீர்கள். லாம்பர்ட் மேனேஜர், அணி நாலாம் படியில். வெளியூரில் போய் ஃபுல்ஹாமை வென்றார்கள், சார்ல்டனை வென்றார்கள். அப்போது இரண்டும் பிரீமியர் லீக் அணிகள். அரையிறுதியில் வந்தது மொரின்யோவின் செல்சி! 2007 ஜனவரியில் ஆடம்ஸ் பார்க்கில் முதல் ஆட்டம், வேய்ன் பிரிட்ஜ் அடித்தார், ஜெர்மெய்ன் ஈஸ்டர் சமன் செய்தார், 1-1. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் மறு ஆட்டம் 4-0, லாம்பார்ட் இரண்டு, ஷெவ்சென்கோ இரண்டு. அந்த இரவோடு கனவு சரி. அடுத்த சனிக்கிழமை திரும்பவும் லீக் டூ.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2014 மே 3. கடைசி நாளுக்கு முன் விக்கம்ப் 47 புள்ளியோடு கீழிருந்து இரண்டாவது, பிரிஸ்டல் ரோவர்ஸ் 50. விக்கம்ப் ஜெயிக்கவும் வேண்டும், மற்றவர்கள் தோற்கவும் வேண்டும். டார்கேயில் போய் 3-0. ரோவர்ஸ் சொந்த மைதானத்தில் மேன்ஸ்ஃபீல்டிடம் 1-0 தோற்றது. இருவருக்கும் 50. கோல் வித்தியாசத்தில் விக்கம்ப் தப்பியது, 1920 முதல் லீக்கில் இருந்த ரோவர்ஸ் வெளியே போனது. அன்று கிளப் ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருந்தது, கையில் காசில்லை. அந்த ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

அதற்கு அடுத்த சீசன் தொடக்கத்தில் கோல்கீப்பருக்குக் காயம்பட்டபோது கோல்கீப்பிங் பயிற்சியாளர் பாரி ரிச்சர்ட்சன் இறங்கி ஆடினார். வயது 45. கிளப்பின் நிலைமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

#11 – இப்ஸ்விச்_தம்பி

அந்த சீசன்தான் 2015 ப்ளேஆஃப் இறுதி, மேல் படிக்கு ஏறும் கடைசி இடத்துக்கான ஆட்டம், இல்லையா? கூடுதல் நேரம் முடிய விசில் வரவிருந்தபோது சவுத்எண்ட் சமன் செய்து, பெனால்டியில் 7-6 என்று ஜெயித்தது. நான் அப்போது இங்கே வரவில்லை, ஆனால் இப்போதும் விக்கம்ப் ஆட்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

#12 – கணக்குப்பிள்ளை

2020 விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏறியது ஆட்டத்தினாலா, கால்குலேட்டரினாலா?

#13 – சனிக்கிழமை3மணி

இதை எதிர்பார்த்தேன்.

தெரியாதவர்களுக்கு: 2020 மார்ச்சில் கொரோனாவால் லீக் ஒன் நின்றபோது விக்கம்ப் 8-ஆம் இடம். ஆனால் மேலே இருந்த பெரும்பாலோரைவிட ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருந்தது. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு இறுதிப் பட்டியல் போட்டார்கள். விக்கம்ப் 34 ஆட்டத்தில் 59 புள்ளி, அதனால் ஒரே தாவலில் 3-ஆம் இடம். ஆறாம் இடத்தில் இருந்த பீட்டர்பரோ ஏழாவதாகி வெளியே. அவர்களுக்கு வயிற்றெரிச்சல் இருந்ததில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் கால்குலேட்டர் தந்தது ப்ளேஆஃப் வாய்ப்பு மட்டும்தான். ஃப்ளீட்வுட்டில் போய் 4-1 அடித்தது கால்குலேட்டரா? 2020 ஜூலை 13, ஆள் இல்லாத வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1. ஆன்டனி ஸ்டூவர்ட் ஒன்று, ஜோ ஜேக்கப்சன் பெனால்டியில் ஒன்று. கிளப் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் படி. ப்ளூம்ஃபீல்டுக்கு அப்போது 36. சேர்ந்து 16 வருடம் கழித்து சாம்பியன்ஷிப்.

லீக் டூவில் தொடங்கி சாம்பியன்ஷிப் வரை போனவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் கிளப்பை மாற்றிக்கொண்டுதான் போவார்கள். இவர் அசையவில்லை, கிளப்தான் மேலே ஏறிப் போனது.

#14 – கணக்குப்பிள்ளை

ஒரே வருடத்தில் கீழே வந்தும் விட்டது.

#15 – ஓரக்கோடு

ஒரே புள்ளியில். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். தொடக்கத்தில் ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றார்கள். எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். கடைசி நாளில் மிடில்ஸ்பரோவில் 3-0 ஜெயித்து 43 புள்ளிக்கு வந்தார்கள். டெர்பி 44 புள்ளியோடு தப்பியது. அந்த டெர்பிக்குத்தான் அடுத்த சீசனில் கணக்குக் குளறுபடிக்கும், கடனில் திவால் நிர்வாகியிடம் போனதற்கும் சேர்த்து மொத்தம் 21 புள்ளி வெட்டினார்கள். அதில் ஒரு பங்கை ஒரு வருடம் முன்னால் வெட்டியிருந்தால் விக்கம்ப் இறங்கியிருக்காது. விக்கம்ப் உரிமையாளர் இழப்பீடு கேட்டுச் சண்டை போட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

#16 – பிசியோ_அக்கா

நீங்கள் எல்லோரும் புள்ளிக் கணக்கில் இருக்கிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், சொந்த அனுபவத்தில் கீழ் லீக் அல்ல, அதற்கும் கீழே அரைத் தொழில்முறை கிளப் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.

அவர் நின்றது வயதால் அல்ல. 2021-22 சீசன் தொடக்கத்தில் தலையில் அடிபட்டது. மாதக்கணக்கில் ஆட முடியவில்லை, கடைசியில் மருத்துவர்களின் ஆலோசனைப்படி நிறுத்தினார். கால் மூட்டு போனால் ஆட்டக்காரருக்குத் தானாகவே தெரிந்துவிடும், ஓட முடியாது. தலை அப்படி இல்லை. ஓட முடியும், பந்தை உதைக்க முடியும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒன்றும் இல்லை, விடுங்கள்" என்று ஆட்டக்காரரே சொல்வார். ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிற ஆள் வேறு என்ன சொல்வார்?

செகண்ட் பால் பற்றி ஓரக்கோடு அழகாக எழுதினீர்கள். அந்த இடத்தில் நான் பார்ப்பது இரண்டு தலைகள் ஒரே பந்துக்கு எழும்புவதைத்தான்.

2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மூளை தேயும் நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்கு சுமார் மூன்றரை மடங்கு. இதய நோயில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது, பயமுறுத்தச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் 2021-22 முதல் பயிற்சியில் வேகமாக வரும் பந்தைத் தலையால் முட்டுவது வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ப்ளூம்ஃபீல்ட் ஆடிய 18 வருடத்தில் ஏறக்குறைய 17 அந்த விதிக்கு முந்தையவை.

#17 – நாகர்கோவில்_விங்கர்

அக்கா, எங்கள் ஊர் செவன்ஸ் டோர்னமென்ட்டில் தலையில் அடிபட்டால் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி "பேர் என்ன, ஊர் என்ன" என்று கேட்பார்கள். சொல்லிவிட்டால் உள்ளே. நானும் இரண்டு முறை சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். இதைப் படித்ததும் கொஞ்சம் திக்கென்றது.

#18 – பிசியோ_அக்கா

இனி உள்ளே போகாதே தம்பி. சந்தேகம் இருந்தாலே வெளியே உட்கார். அவ்வளவுதான்.

#19 – கணக்குப்பிள்ளை

அக்கா சொன்ன பிறகு நான் கிண்டலைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் என் அடிப்படைக் கேள்வியை யாரும் தொடவில்லை. விசுவாசம் என்றீர்கள். ஆட்டக்காரராக நின்ற பிறகு என்ன நடந்தது? 2022 செப்டம்பரில் கொல்செஸ்டர் மேனேஜர். ஐந்து மாதத்தில், 2023 பிப்ரவரியில், ஐன்ஸ்வொர்த் க்யூபிஆர் என்ற லண்டன் கிளப்புக்குப் போனதும் அந்த நாற்காலிக்கு ஓடி வந்தார். சரி, தாய்வீடு. 2025 ஜனவரியில் விக்கம்ப் லீக் ஒன்னில் இரண்டாம் இடம், புது உரிமையாளர் லோம்டாட்ஸேயிடம் வேண்டிய அளவு பணம், மேலே ஏறும் வாய்ப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது லூட்டன் டவுன் கூப்பிட்டது. சீசன் நடுவில் போய்விட்டார்! லூட்டன் அந்த மே மாதமே சாம்பியன்ஷிப்பிலிருந்து இறங்கியது. அக்டோபரில் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விக்கம்ப் ஐந்தாவதாக முடித்து, ப்ளேஆஃப் அரையிறுதியில் சார்ல்டனிடம் ஒரு கோலில் போனது.

18 வருட விசுவாசம் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

#20 – இப்ஸ்விச்_தம்பி

அண்ணே, அவர் கூப்பிடப்படாதவர் என்று #2-இல் எழுதினீர்கள். இப்போது கூப்பிட்டதும் போனார் என்று திட்டுகிறீர்கள். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

#21 – ஓரக்கோடு

தம்பி சொன்னது சரியான அடி. ஆனால் நானும் அன்று கோபப்பட்டேன் என்பதை ஒளிக்க மாட்டேன். செய்தி வந்த இரவு நான் பழைய ரசிகர் நண்பர் ஒருவரோடு பேசினேன். அவர் சொன்னது இதுதான்: "அவனுக்கு 40 வயது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மேல் படி கிளப் காசு கொடுத்து அவனைக் கேட்கிறது. போகாதே என்று சொல்ல நான் யார்?"

எனக்குக் கோபம் ஆறியது அப்போது இல்லை, கொஞ்ச நாள் கழித்து. நாம் அவரை விசுவாசி என்றோம், அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அவர் செய்ததெல்லாம், ஒவ்வொரு மே மாதமும் முன்னால் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டது. அது நமக்குப் பிடித்த மாதிரி 18 வருடம் அமைந்தது. 2025 ஜனவரியில் வேறு தாள் வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டார். இரண்டும் ஒரே ஆள்தான்.

#22 – சனிக்கிழமை3மணி

இதோடு பணக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 1961 வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்கு அதிகபட்ச சம்பளம் வாரம் 20 பவுண்டு என்று வரம்பே இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டித்தான் அது போனது. 1995-இல் போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவர், பழைய கிளப்புக்கு யாரும் காசு கொடுக்காமலே, கிளப் மாறலாம். மேல் படி ஆட்டக்காரருக்கு அது லாட்டரி. கீழ் படியில் அது இரு பக்கமும் வெட்டியது: ஆட்டக்காரர் சும்மா போகலாம், கிளப்பும் சும்மா கைகழுவலாம்.

2020 ஆகஸ்ட்டில் லீக் ஒன் அணி மொத்தமாக 25 லட்சம் பவுண்டு, லீக் டூ அணி 15 லட்சம், அதற்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று திரும்பவும் வரம்பு போட்டார்கள். ஆட்டக்காரர் சங்கம் வழக்காடி 2021 பிப்ரவரியில் அதை உடைத்தது. 15 லட்சத்தை இருபது சொச்சம் பேருக்குப் பகிர்ந்து பாருங்கள். நல்ல சம்பளம்தான், ஆனால் 35 வயதில் நின்றால் மீதி முப்பது வருடத்தை ஓட்டும் சம்பளம் இல்லை. அதனால்தான் இவர்களில் பலர் ஆடும்போதே பயிற்சியாளர் சான்றிதழ் படிக்கிறார்கள்.

கிரஹாம் அலெக்சாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கன்தார்ப், லூட்டன், பிரெஸ்டன் என்று கீழேயே சுற்றியவர். பர்ன்லியோடு பிரீமியர் லீக்கில் முதல் முறை காலடி வைத்தபோது வயது 37. ஆயிரம் ஆட்டத்தைத் தாண்டினார். 2012-இல் பிரெஸ்டனுக்காகக் கடைசி ஆட்டம், கடைசி நிமிடங்களில் ஃப்ரீகிக் அடித்து சார்ல்டனோடு சமன் செய்துவிட்டு முடித்தார். அவரும் அதே வருடத்தில் மேனேஜர் வேலைக்குத்தான் போனார். வீட்டில் உட்கார வழியில்லை, மனமும் இல்லை.

#23 – நாகர்கோவில்_விங்கர்

அந்த ஃப்ரீகிக் வீடியோ இருக்கிறது. கணக்குப்பிள்ளை அண்ணனுக்காகவே தேடிப் பார்த்தேன். போய்ப் பாருங்கள்.

#24 – கணக்குப்பிள்ளை

பார்த்தேன். அது கோல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, தோல்வியை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன், பாதி ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மாதம் அலுவலக வேலையாக லண்டனில் இரண்டு வாரம் இருப்பேன். ஒரு சனிக்கிழமை சும்மா இருக்கிறது. ஆடம்ஸ் பார்க்குக்கு எப்படிப் போவது?

#25 – ஓரக்கோடு

மேரிலபோன் நிலையத்தில் சில்டர்ன் ரயில், ஹை விக்கம்ப் இறங்குங்கள், சுமார் அரை மணி, மெதுவான வண்டி என்றால் கொஞ்சம் கூட. நிலையத்திலிருந்து மைதானம் நடக்கும் தூரம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், இரண்டரை மைல். ஆட்ட நாளில் பஸ் விடுவார்கள். மைதானம் தொழிற்பேட்டையின் கடைசியில் இருக்கிறது, உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சாலை. ஆட்டம் முடிந்ததும் பஸ் நகராது. அவசரப்படாமல் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பின்னால் குன்று, மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருக்கும். முப்பத்தைந்து வருடம் முன்னால் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விட்டவை, இப்போது அவர்களே உள்ளூர்க்காரர்கள். ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளத்தாக்கில் காற்று தனி ரகம்.

#26 – கணக்குப்பிள்ளை

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

#27 – ஓரக்கோடு

ஃபிளாஸ்க் வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் அவருக்குப் பக்கத்தில்.